மேப்பிள் சர்க்கரையும் மர உரிமையும்: ஒஜிப்வே மக்களின் 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையை முன்வைத்து

முன்னுரை

இனிப்பின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கரும்பின் வரலாற்றையே எழுதியுள்ளனர். தோட்டம், ஆலை, கப்பல், அடிமை ஆகியவற்றைச் சுற்றியே அவ்வரலாறு அமைகிறது. மரத்தின் நீரைக் காய்ச்சி இனிப்புச் செய்த மக்களுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்கள், 1837இல் தம் நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, மரத்தினின்று சர்க்கரை எடுக்கும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொள்ள விரும்பினர். வாய்மொழியாகக் கூறப்பட்ட அவ்விருப்பம் உடன்படிக்கையின் எழுத்தில் இடம்பெறவில்லை. அவ்விடுபாட்டின் பின்னணியையும் விளைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காய்ச்சும் முறையும் பெண்களும்

இரவில் உறைபனியும் பகலில் உருகுவெயிலும் மாறிமாறி வரும் இளவேனில் தொடக்கமே மேப்பிள் நீர் சுரக்கும் காலம். மரத்தில் சிறு துளையிட்டுக் குழாய் செருகி அந்நீரைச் சேகரிப்பர். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே உண்டு. எனவே 1 லிட்டர் பாகு பெற ஏறத்தாழ 40 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். அரும்பு விரியத் தொடங்கினால் நீரின் சுவை கெட்டுவிடும் என்பதால் வேலை சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஒஜிப்வே மொழியில் ஏப்ரல் மாதத்திற்குரிய பெயர்களுள் ஒன்று 'சர்க்கரை காய்ச்சும் திங்கள்' எனப் பொருள்படுவது இக்காலத்தின் இன்றியமையாமையை உணர்த்தும்.

குளிர்காலத்தில் சிதறி வேட்டையாடிய குடும்பங்கள் இப்பருவத்தில் மேப்பிள் தோப்புகளில் ஒன்றுகூடின. தோப்புகளை மேற்பார்த்தவர் பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் தனக்குரிய தோப்பிற்கே திரும்பியது. பாகை மேலும் காய்ச்சிக் கிளறிப் பொடிச் சர்க்கரையாக்கி, பிர்ச் மரப்பட்டைப் பெட்டிகளில் ஆண்டு முழுவதற்கும் சேமித்தனர். மீன், இறைச்சி, காட்டரிசி ஆகியவற்றுக்கு உப்பிற்குப் பதிலாக இச்சர்க்கரையே சுவையூட்டியது. எஞ்சியதைத் தோல் வணிகருக்குப் பண்டமாற்றாகத் தந்தனர். பனையேறுதல் ஆணுக்கும் பதநீர் காய்ச்சுதல் பெண்ணுக்கும் உரியதாக அமைந்த தென் தமிழக வழக்கோடு இது ஒப்பிடத்தக்கது. எனினும், ஒஜிப்வே பெண்கள் காய்ச்சுதலோடு நில்லாது தோப்பின் நிருவாகத்தையும் ஏற்றிருந்தனர் என்பது வேறுபாடு.

'அறச் சர்க்கரை' என்னும் கனவு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையரும் மேப்பிளை நாடினர். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1791இல் இங்கிலாந்தில் அதனைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. பின்னர் இந்தியச் சர்க்கரையை அடிமை உழைப்பற்றதெனக் கூறி விற்கும் வழக்கமும் அங்குத் தோன்றியது. அதே ஆண்டில் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், மேப்பிள் சர்க்கரையைப் புகழ்ந்து தாமஸ் ஜெபர்சனுக்கு விரிவான மடல் ஒன்று வரைந்தார். ஜெபர்சனும் 60 மேப்பிள் கன்றுகளை வருவித்துத் தம் மாண்டிசெல்லோ தோட்டத்தில் நடுவித்தார். அவற்றுட் பெரும்பாலானவை பட்டுப்போயின. அடிமையற்ற சர்க்கரைக்கான அக்கன்றுகள், நூற்றுக்கணக்கானோரை அடிமைகொண்டிருந்தவர் ஒருவரின் நிலத்தில் நடப்பட்டன என்பதே இதன் முரண். மேப்பிளின் அறத்தைப் பேசிய இக்குரல்கள், அம்மரங்கள் யாருடைய நிலத்தில் நின்றன என்பதை எழுப்பவேண்டிய வினாவாகக் கொள்ளவில்லை.

1837: சொல்லும் எழுத்தும்

அவ்வினா 1837 ஜூலையில் ஸ்நெல்லிங் கோட்டையருகே நிகழ்ந்த பேச்சில் எழுந்தது. அரசின் சார்பில் வந்தவர் விஸ்கான்சின் ஆட்சிப்பகுதியின் ஆளுநர் ஹென்றி டாட்ஜ். அரசு நாடியது முதன்மையாகப் பைன் மரங்களை. அதாவது வெட்டி விற்கத்தக்க மரத்தை. ஒஜிப்வே மக்கள் காக்க விரும்பியது, வெட்டாமல் ஆண்டுதோறும் பயன்கொள்ளும் மரத்தை. 'பிளாட் மௌத்' என வெள்ளையர் அழைத்த தலைவர் எஷ்கிபகிகூன்ஷே, நிலத்தைத் தர இசைந்தாலும், மரங்களினின்று சர்க்கரை செய்யும் உரிமையையும், ஏரி ஆறுகளில் பிழைப்பு நடத்தும் உரிமையையும் தம் மக்கள் விட்டுத்தரார் எனப் பேசியதாகப் பேச்சுக்குறிப்பு காட்டுகிறது. ஆனால் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு வேட்டை, மீன்பிடி, காட்டரிசி சேகரிப்பு ஆகிய மூன்றையே சுட்டுகிறது. அவையும் குடியரசுத் தலைவரின் விருப்பமுள்ளவரை மட்டுமே என்கிறது. சர்க்கரை என்னும் சொல் அங்கு இல்லை.

விளைவு விரைந்து வந்தது. 1850இல் குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லர் அவ்வுரிமைகளை நீக்கி, மக்களை வெளியேறப் பணித்தார். ஆண்டுத்தொகை பெறச் சாண்டி ஏரிக்கு வரவழைக்கப்பட்ட ஒஜிப்வே மக்களுள் ஏறத்தாழ 400 பேர், அவ்விடத்திலும் திரும்பும் வழியிலும் பசியாலும் நோயாலும் குளிராலும் மாண்டனர்.

உரிமையின் மீட்சி

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1999இல், மில் லேக்ஸ் குழுவினர் தொடர்பான வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்னும் பெரும்பான்மையில், 1850ஆம் ஆண்டு ஆணை செல்லாது எனவும் 1837ஆம் ஆண்டு உரிமைகள் நிலைத்துள்ளன எனவும் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வனத்துறைக்கும் ஒஜிப்வே குழுக்களுக்கும் இடையே ஏற்பட்ட புரிந்துணர்வு உடன்பாடு, தேசியக் காடுகளில் மேப்பிள் நீர் எடுப்பதற்கும் வழிவகுத்தது.

முடிவுரை

இன்று உலக மேப்பிள் பாகின் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. குழாய்வழி நீர் சேகரிப்பும் எந்திரக் கொப்பரையும் அத்தொழிலை மாற்றியுள்ளன. இவ்வணிக வளர்ச்சியை மட்டும் நோக்கின் மேப்பிளின் வரலாறு முழுமை பெறாது. எழுதப்பட்ட ஆவணத்தை மட்டும் சான்றாகக் கொண்டிருந்தால் ஒஜிப்வே மக்களின் சர்க்கரை உரிமை நம் பார்வைக்கே வந்திராது. பேச்சைக் குறித்துவைத்த தாள்களும், ஆண்டுதோறும் தோப்பிற்குத் திரும்பிய பெண்களின் பழக்கமுமே அதனை உயிர்ப்பித்து வைத்தன. உடன்படிக்கையில் இல்லாத சொல்லும் வரலாற்றுச் சான்றே என்பது இதனால் பெறப்படுகிறது. பனை உள்ளிட்ட நம் மரங்களைச் சார்ந்து வாழ்வோரின் வரலாற்றை எழுதும்போதும் இக்கண்ணோட்டம் தேவை.