பாரிசவாதக் குருதிக்கட்டியும் வெண்குழியங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலின் ஒரு பக்கத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யும் பாரிசவாதம், பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் நாடியொன்றைக் குருதிக்கட்டி அடைப்பதனால் உண்டாவது. அக்கட்டி எவற்றாலானது என்ற வினாவுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்ட விடை, பைபிரின் இழைகள், குருதிச் சிறுதட்டுக்கள், செங்குழியங்கள் என்பதாகும். கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கும் வெண்குழியங்களுக்கு அவ்விடையில் இடமிருக்கவில்லை. கட்டியினுள் அவை காணப்பட்டபோதும், போகிற போக்கில் அகப்பட்டுக்கொண்டவை என்றே கொள்ளப்பட்டன. இவ்விடை இன்று மாறிவிட்டது. அது மாறியதிலும் வியப்புக்குரியது, முதலில் அது நிலைபெற்ற விதமே. ஏனெனில் 1870களில், குருதியுறைதலுக்கு வெண்குழியங்களே முதற்காரணம் என்ற கருத்தே அறிஞரிடையே செல்வாக்குடன் விளங்கிற்று.

பாரிசவாதத்தை மூளையின் குருதியோட்டத்தோடு தொடர்புபடுத்தியவர்களுள் முன்னோடி, சுவிற்சர்லாந்தின் சாவ்ஹவுசன் நகர மருத்துவரான யொகான் யாக்கொப் வெப்பர் ஆவார். இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்த அவர், 1658 இல் வெளியிட்ட நூலில், மூளையினுள் குருதி பெருகுவதனையும் மூளைக்குக் குருதி செல்லாது தடைப்படுவதனையும் காரணங்களாகக் காட்டினார். எனினும் தடை எவ்வாறு உண்டாகின்றது என்பதற்குத் தெளிவான விளக்கம் கிடைக்க இருநூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. குருதிக்குழாய் ஒன்றில் தோன்றும் கட்டி, பெயர்ந்து சென்று தொலைவிலுள்ள மற்றொரு குழாயை அடைக்கக்கூடும் என்பதனை 1840களில் நிறுவியவர் ஜேர்மானியரான ருடொல்ப் விர்ச்சோ. அவருடைய மாணவர் யூலியஸ் கோன்கைம், 1867 இல், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து, அழற்சியின்போது வெண்குழியங்கள் குழாயின் சுவரில் ஒட்டி அதனை ஊடுருவி வெளியேறுவதைக் கண்டார். இறந்த உடலை அறுத்துப் பார்த்த காலம் போய், உயிருள்ள குழாயினுள் நிகழ்வதை நேரிற் காணும் காலம் இவ்வாறு தொடங்கியது.

இம்முறையைப் பின்பற்றிய பிரீட்றிக் வில்கெல்ம் சான், 1875 இல் தவளையின் குருதிக்குழாய்களில் வெண்ணிறக் கட்டி உருவாவதை விவரித்தார். நிறமற்ற கலங்கள் ஒன்றன்மேலொன்றாய்க் குவிவதைக் கண்ட அவர், அவற்றை வெண்குழியங்கள் என்றே கொண்டார். இதே காலத்தில் டோர்பாற் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில், அலெக்சாந்தர் சிமித் வேதியியல் வழியால் இதற்கு நெருங்கிய முடிவொன்றுக்கு வந்தார். கரைந்த நிலையிலுள்ள பைபிரினோசனைப் பைபிரின் இழைகளாக மாற்றும் நொதியம் ஒன்று உண்டென்றும், சிதையும் வெண்குழியங்களிலிருந்தே அது வெளிப்படுகின்றதென்றும் அவர் கூறினார். அந்நொதியமே பின்னர் திரொம்பின் எனப் பெயர்பெற்றது. கண்ணாற் கண்டவரும் வேதியியலால் ஆராய்ந்தவரும் ஒரே கலத்தைச் சுட்டியபோது, வழக்கு முடிந்துவிட்டதெனவே பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

அதனை மறுத்தவர் இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியரான யூலியோ பிசொசேரோ. கினிப்பன்றி போன்ற முலையூட்டிகளின் குருதிக்குழாய்களை ஆராய்ந்த அவர், செங்குழியத்தினின்றும் வெண்குழியத்தினின்றும் வேறான, நிறமற்ற, தட்டையான நுண்துணிக்கைகள் ஓடும் குருதியிலேயே உள்ளன என 1882 இல் அறிவித்தார். குழாயின் சுவர் காயமுற்றதும் அவ்விடத்தில் முதலில் ஒட்டுவன அச்சிறுதட்டுக்களே என்றும், உறைதலைத் தொடக்கிவைப்பனவும் அவையே என்றும் அவர் காட்டினார். சானைப் பிழைகொள்ளச் செய்ததில் தவளைக்கும் பங்குண்டு. முலையூட்டிகளின் சிறுதட்டுக்குக் கரு இல்லை. தவளையிலோ அதே தொழிலைச் செய்யும் கலம் கருவுடையது. நிறமற்றதும் கருவுள்ளதுமான கலத்தை வெண்குழியம் எனக் கொண்டமை, அக்காலத்து நுணுக்குக்காட்டியை நோக்குமிடத்து, எளிதில் நேரக்கூடிய மயக்கமே.

பிசொசேரோவின் கண்டுபிடிப்புச் சரியானது. ஆயினும் சிறுதட்டுக்கு முதலிடம் உண்டு என்பதனை வெண்குழியத்துக்கு இடமே இல்லை என்பதாகப் பின்வந்தோர் விரித்துக்கொண்டனர். இதற்கு ஆய்வுக்கூட வழக்கமும் துணைசெய்தது. 1905 இல் பவுல் மொராவிற்ஸ் வகுத்த கொள்கை, புரோதிரொம்பின், பைபிரினோசன், கல்சியம், இழையங்களிலிருந்து வரும் தூண்டுபொருள் ஆகியவற்றால் உறைதலை விளக்கிற்று. 1935 இல் ஆர்மண்ட் குயிக் அமைத்த சோதனையில், குருதியைச் சுழற்றிக் கலங்களை நீக்கியபின் எஞ்சும் திரவவிழையமே உறையவைக்கப்படுகின்றது. 1964 இல் இங்கிலாந்தில் மக்பாலேனும், அமெரிக்காவில் டேவியும் ரற்னொவும், உறைதலைப் புரதங்கள் ஒன்றையொன்று தொடராகத் தூண்டும் நிகழ்வாகக் காட்டினர். இவை ஒவ்வொன்றும் பெரும் பயன் தந்தவை. ஆனால் கலங்களை அகற்றிவிட்டு நடத்தும் சோதனையில் கலங்களின் தொழில் புலப்படாது என்பது வெளிப்படை. மறுபுறத்தில், 1882 இல் மெசினாவில் தின்குழியக் கொள்கையை வகுத்த எலி மெச்னிக்கோவின் வழிவந்தோர் வெண்குழியத்தைக் கிருமிகளோடு பொரும் வீரனாக மட்டுமே நோக்கினர். ஒரே குருதியை இரு துறையினர் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாது நெடுங்காலம் இருந்தனர்.

இவ்வெல்லை இயற்கையானதன்று என்பதற்கு ஒரு கடல்வாழ் உயிர் சான்று பகர்ந்தது. குதிரைலாட நண்டின் உடலினுட் குறித்த சில பற்றீரியாக்கள் புகின் அதன் குருதி உறைந்துவிடுவதை 1956 இல் பிரெடரிக் பாங் விவரித்தார். அவ்வுயிரில் கிருமியை உணர்வதும் குருதியை உறையச் செய்வதும் ஒரே வகைக் கலத்தின் வேலை. 1970களில், மனிதனின் ஒற்றைக்குழியங்களும் பற்றீரிய நச்சினால் தூண்டப்படுகையில் உறைதலைத் தொடக்கும் இழையக் காரணியை உண்டாக்குகின்றன எனத் தெரியவந்தது. சிமித் சொன்ன நொதியம் அதுவன்று. வெண்குழியத்துக்கும் உறைதலுக்கும் தொடர்பு உண்டென்ற அவருடைய எண்ணம் மட்டும் வேறு வடிவில் மீண்டது.

திருப்பம் 2004 இல் நிகழ்ந்தது. பேர்லினில், விர்ச்சோ பணியாற்றிய சாரிட்டே வளாகத்திலேயே அமைந்துள்ள மக்ஸ் பிளாங்க் தொற்றுநோய் உயிரியல் நிறுவகத்தில், பிறிங்மன், சிக்லின்ஸ்கி முதலியோர், வெண்குழியங்களுள் எண்ணிக்கையில் மிக்க நடுநிலைநாடிகளின் புதியதொரு போர்முறையைக் கண்டறிந்தனர். தன் கருவினுள் இருந்த டி.என்.ஏ. இழைகளை அக்கலம் வெளியே வீசி வலையாக விரித்துப் பற்றீரியாவைச் சிக்கவைக்கின்றது. இவ்வலை கிருமியை மட்டும் பிடிப்பதில்லை. சிறுதட்டுக்களும் செங்குழியங்களும் அதில் ஒட்டுகின்றன, பைபிரின் அதன்மீது படிகின்றது, டி.என்.ஏ.யோடு பிணைந்துள்ள ஹிஸ்டோன் புரதங்கள் சிறுதட்டுக்களைத் தூண்டுகின்றன. 2010 இல் டெனிசா வாக்னரின் குழுவினர் இவ்வலை கட்டிக்குச் சாரமாக அமைவதை விளக்கினர். 2013 இல் எங்கல்மனும் மாஸ்பேர்க்கும், நுண்குழாய்களில் உறைதல் என்பது கிருமியைப் பரவவிடாது அடைத்து வைக்கும் உடற்காப்பின் ஓர் உறுப்பே என வாதித்தனர். காவல் எல்லை மீறும்போது காக்கப்படவேண்டிய குழாயே அடைபடுகின்றது.

பாரிசவாத நோயாளிக்கு இதனால் என்ன? 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துள் ரி.பி.ஏ. என்னும் மருந்தை ஏற்றினால் ஊனம் குறையும் எனக் காட்டியது. அம்மருந்து பைபிரினை அறுக்கும் நொதியத்தைக் குருதியில் உருவாக்குவது. ஆனால் பெரிய நாடிகளை அடைத்த கட்டிகள் பலவேளை அதற்கு இளகவில்லை. காரணத்தை ஆராயக் கட்டி கையில் இருக்கவில்லை. பிரேத பரிசோதனையிற் கிடைப்பதோ நாட்சென்று மாறிய கட்டி. 2015 இல் வெளியான ஐந்து ஆய்வுகள், மெல்லிய குழாயை நாடியினூடு செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பயனை நிறுவியபின் நிலைமை மாறியது. முன்னர் எரிந்தோ கரைந்தோ போனதல்ல, உயிருள்ளவரின் மூளையை அடைத்த கட்டியே ஆய்வுக்கூட மேசைக்கு வந்தது. 2017 இல் பெல்ஜிய ஆய்வாளர் 68 கட்டிகளைச் சோதித்தபோது, நடுநிலைநாடிகளும் அவற்றின் வலைகளும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் காணப்பட்டன. இதயத்திலிருந்து பெயர்ந்து வந்தவற்றில் வலைகள் மிகுந்திருந்தன. பைபிரினை அறுக்கும் மருந்து டி.என்.ஏ.யை அறுக்காது. டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தையும் சேர்த்தபோது, உடலுக்கு வெளியே அக்கட்டிகள் விரைவாகக் கரைந்தன. மறுவருடம் பாரிஸ் ஆய்வாளரும் இதனையொத்த முடிவையே வெளியிட்டனர்.

எனினும் வெண்குழியத்தைத் தடுத்துவிட்டால் நோய் தீரும் என எண்ணுவது பிழை என்பதற்கு முன்னரே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. வெண்குழியங்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாது தடுக்கும் எனலிமோமாப் என்ற பிறபொருளெதிரி, 625 பாரிசவாத நோயாளர் பங்குபற்றிய ஆய்வில் சோதிக்கப்பட்டது. 2001 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோரே கூடுதலாக இறந்தனர்; தொற்றும் காய்ச்சலும் அவர்களிடையே மிகுந்திருந்தன. சிறுதட்டை வைத்து வெண்குழியத்தை மறந்ததற்கு நேர்மாறான பிழை இது. வலையைமட்டும் அறுக்கும் முயற்சி, குழியத்தை அதன் தொழிலோடு விட்டுவைக்கின்றமையால் இதனினும் நுட்பமானது. அந்நொதியம் இயல்பாகவே குருதியில் உள்ளது. மருந்தாகவும், நுரையீரற் சளியை இளக்குவதற்கென 1993 இல் அனுமதி பெற்றது. பாரிசவாத நோயாளரிடம் அதனைச் சோதிக்கும் ஆய்வுகள் தொடங்கப்பட்டுள்ளன. அடைத்த நாடி எத்தனை விரைவில் திறக்கின்றது என்பதோடு, மூளையினுட் குருதி பெருகுகின்றதா, நோயாளர் நுரையீரற் தொற்றுக்கு ஆளாகின்றனரா என்பனவும் அவற்றில் கவனிக்கப்படவேண்டியன.