நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன கதை

ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது ஒரு கதை. நம்ம பிள்ளைகள் அதுக்குள்ள போய் உட்கார்ந்தது வேறொரு கதை. மலர்க்குழு என்னிடம் கேட்டது இரண்டாவது கதையைத்தான். அதில் நம்ம குழுக்களுக்கும் பங்கு இருக்கிறது.

முதல் தடை பசி. 1920-களிலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தது. கிராமத்துக்கு அது வர ரொம்ப காலம் ஆச்சு. 1953-இல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956-இல் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்க்காரர்களே முன்வந்து பள்ளிக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்தார்கள்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊர் ஊருக்குப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது.

நானும் சத்துணவு தின்று வளர்ந்தவதான். ஆனா வருஷம் முழுக்க அந்தத் தட்டு எனக்குக் கிடைக்கல. பொங்கல் முடிஞ்சதும் செங்கல் சூளை மேஸ்திரி ஊருக்குள் வருவார். மழைக்காலத்தில் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பமே சட்டி பானையோட லாரியில் ஏறும். சூளையில் கூலி ஆள் கணக்கில் இல்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான். அதனால் கல் திருப்பிப் போடும் சின்னக் கையும் கணக்கில் சேரும். ஆனி மாசம் திரும்பி வரும்போது வகுப்பு முடிந்து, அடுத்த வகுப்பே ஆரம்பிச்சிருக்கும். என் அக்கா படிப்பு அப்படித்தான் ஐந்தாவதோடு நின்றது. தென்னார்க்காட்டுப் பக்கம் இருளர் குடும்பங்களிலும் காலனிக் குடும்பங்களிலும் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு.

சோறு போட்டு நிறுத்த முடியாத பிள்ளைகளை எது நிறுத்தியது? இங்கேதான் நம்ம கதை வருது. 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவானது. 1989-இல் ஐஃபாட் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவின. 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. அறிவொளி இயக்கமும் அந்த 90-களில்தான். எங்க முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கைநாட்டுதான் அதிகம். இரவு வகுப்பில் எழுத்துக் கூட்டிய அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துக்கு மாறினார்கள்.

குழுவில் முதலில் கொடுத்த கடன்களில் மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் வாங்கியதைவிட, மருத்துவச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வாங்கியதுதான் அதிகம். வெளியாட்கள் இதை வீண் கடன் என்றார்கள். நாங்க அப்படிப் பார்க்கல. மழைக்காலத்தில் இரண்டாயிரம் ரூபாய் குழுவில் கிடைத்தால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்க வேண்டாம். முன்பணம் வாங்காத வீட்டில் அம்மாவும் பிள்ளையும் ஊரில் தங்கலாம். அப்பா மட்டும் போய் வருவார். எல்லா வீட்டிலும் இது நடக்கவில்லை. நடந்த வீட்டில் பிள்ளை பத்தாவது தாண்டியது.

இரண்டாவது தடை காகிதம். பிறப்புச் சான்று இல்லை, சாதிச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர். 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதுக்குப் பதில் சொல்லியிருக்கு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கணும். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்கணும். பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது, எங்க குழுப் பெண்கள் எட்டுப் பேர் சட்டத்தின் நகலோடு போய் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் சேர்க்கை முடிந்தது.

மூன்றாவது, வந்த பிள்ளை படிக்கணும். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது நம்ம பிள்ளைகளில் பலர் எழுத்தையே மறந்துபோனார்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அதில் தன்னார்வலராக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நம்ம உறுப்பினர்களின் மகள்களும் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொன்னார்கள்.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். சமைக்கிறவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கணும் என்பது விதி. பொங்கலில் உப்பு குறைஞ்சா வீட்டிலேயே கேள்வி வந்துரும்! விடிகாலையில் வேலைக்குப் போகிற தாய்க்கு, பிள்ளை வெறும் வயிற்றோடு போகுதே என்ற கவலை இப்போ இல்லை.

இனி ஒரு வேலை பாக்கி இருக்கு. சூளைக்குப் போகிற குடும்பம் இன்னும் இருக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்ம பக்கம் வேலைக்கு வந்த குடும்பங்களும் இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு நம்ம மொழி தெரியாது, நம்ம பசி தெரியும். அதனால் ஒவ்வொரு குழுவும் மார்கழிக் கூட்டத்திலேயே ஊரை விட்டுப் போகப்போகிற பிள்ளைகளின் பெயர், வகுப்பு, போகிற இடம் மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதணும். தலைமையாசிரியரிடம் ஒரு நகல் கொடுக்கணும். ஆனியில் அதே பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்க்கணும். நம்ம ஊருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கம். சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாமல் தேடுகிறவர்கள் நாம். ஒரு பிள்ளை குறைந்தாலும் அப்படித் தேடுவோம்.