வீடற்றோர், முன்னாள் படைவீரர் குடியிருப்பு மானியங்கள் (அமெரிக்க மாநிலங்கள்)

அமெரிக்காவில் தங்க இடமில்லாதவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் குறைந்த வாடகைக் குடியிருப்புகள் கட்ட மாநில அரசுகள் தரும் நிதியுதவியைப் பற்றியது இக்கட்டுரை. அப்படிக் கட்டப்படும் வீடுகள் குறைந்த மின்சாரத்திலும் எரிவாயுவிலும் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த உதவியோடு சேர்ந்து வருவது சுமார் இருபது ஆண்டுகளில் வளர்ந்த வழக்கம். ஒன்று சமூகநலம், மற்றது சுற்றுச்சூழல். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கட்டிப்போடுவதேன் என்று கேட்போர் உண்டு. ஆனால் மானியம் ஒருமுறைதான் கிடைக்கும். கட்டடமோ அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்க வேண்டும். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இங்கே எரிசக்திச் சிக்கனம் சமூகநலத்தின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

பணம் வரும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் படைவீரர்கள் சொந்த வீடு வாங்க மாநிலமே கடன் தரும் திட்டம் 1921 முதல் இருக்கிறது. 2008இல் அதற்கென 90 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். வீட்டுச் சந்தை சரிந்தபின் அந்தக் கடனைக் கேட்டு வருவோர் குறைந்தனர். சொந்த வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியாத படைவீரர்களோ தெருவில் இருந்தனர். 2014 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில், 41ஆம் முன்மொழிவின் வழியாக, அதில் 60 கோடி டாலர் வாடகைக் குடியிருப்புகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அதில் பாதியாவது மிகக் குறைந்த வருமானமுள்ள படைவீரர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். பேச்சு வழக்கில் மானியம் என்றாலும் ஏட்டில் இது கடன்: 55 ஆண்டுத் தவணை, 3 விழுக்காடு எளிய வட்டி, ஆண்டுதோறும் கட்டாயமாகக் கட்ட வேண்டியது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நியூயார்க் மாநிலம் வீடற்றோர் குடியிருப்புகளுக்கு 1983 முதல் நிதி தந்துவருகிறது. வாஷிங்டன் மாநிலம் 1986இல் வீட்டுவசதிக்கென ஒரு நிதியம் தொடங்கியது. அதிலிருந்து பணம் பெறும் கட்டடங்களுக்குப் பசுமைக் கட்டட விதிகளை 2008 ஜூலைக்குள் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சட்டமே இயற்றியது.

நிபந்தனை எதற்கு என்பது இக்கட்டடங்களின் வரவு செலவைப் பார்த்தால் தெரியும். குடியிருப்பவர் பொதுவாகத் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகத் தருவார். வருமானமே இல்லாதவர் எதுவும் தருவதில்லை என்று சொல்லிவிடலாம். மீதியைக் கூட்டரசின் வாடகை உதவிச் சீட்டு ஈடுகட்டும். படைவீரர்களுக்கென 1992இல் தொடங்கி 2008இல் பெரிதாக விரிவாக்கப்பட்ட திட்டம் ஒன்று வாடகைச் சீட்டையும் படைவீரர் நலத்துறையின் சமூகப் பணியாளரையும் சேர்த்தே தருகிறது. ஆகக் கட்டடத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்தால் வாடகையை நினைத்தபடி உயர்த்த முடியாது. செலவோ உயர்ந்துகொண்டே போகும்: காப்பீடு, பழுதுபார்ப்பு, இரவுக் காவல், சம்பளம், எரிசக்தி. இவற்றில் கட்டும்போதே ஆயுளுக்கும் குறைத்துவிடக்கூடியது கடைசியில் சொன்னது ஒன்றுதான். ஒற்றை அறைக் குடியிருப்புகளில் மின்கட்டணத்தை நிறுவனமே கட்டுவது பரவலான வழக்கம் என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் அங்கே வேலை செய்யும் பணியாளருக்கோ கூரைப் பழுதுக்கோ போகும். குடியிருப்பவர் தாமே கட்டணம் செலுத்தும் இடங்களிலும், அதற்காக ஒரு தொகையை வாடகை உச்சவரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நுகர்வு குறைந்தால் கழிவும் குறையும், நிறுவனத்தின் வரவு கூடும். சாதாரண வாடகை வீட்டில் உரிமையாளர் செலவழிக்க, குடியிருப்பவர் பலன் பெறுவதால் சிக்கன முதலீடு முடங்கிக் கிடக்கும். இங்கே அந்தப் பிணக்கு பெரும்பாலும் இல்லை.

வலுவான மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. சுவருக்குக் கூடுதல் வெப்பக் காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, ஹீட் பம்ப் என்று செலவழித்தால் அதே பணத்தில் கட்டக்கூடிய வீடுகள் குறையாதா? குறையும், ஆனால் எவ்வளவு என்பதற்குச் சான்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் 2018இல் எட்டுக் குறைந்த வாடகைத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வீட்டுக்கு 4,000 டாலர் வரை தந்து, ‘பாசிவ் ஹவுஸ்’ என்ற மிகக் கடுமையான எரிசக்திச் சிக்கனத் தரத்தில் கட்டச் செய்தது. கூடுதல் செலவு சராசரியாக 3 விழுக்காட்டுக்குள் நின்றது. பென்சில்வேனியா, குறைந்த வாடகை வீடு கட்டுவோர் வரிச்சலுகை கோரும் விண்ணப்பங்களில் இத்தரத்துக்கு 2015 முதல் கூடுதல் மதிப்பெண் தந்தது. முதல் சுற்றில் இருந்த விலை வேறுபாடு, கட்டுநர்களின் கை பழகப் பழகச் சுருங்கியது. நூறு வீடுகளுக்கு மூன்று வீடு என்பது சின்ன இழப்பு அன்று, தெருவில் காத்திருக்கும் அந்த மூவருக்கு நிச்சயமாக அன்று. எனினும் நிலவிலையும் அனுமதி இழுபறியும் பல நிதி மூலங்களைத் தைத்துச் சேர்க்கும் சட்டச் செலவும் இதைவிடப் பன்மடங்கு வீடுகளை விழுங்குகின்றன. சிக்கனம் தேடுவோர் அங்கே தேடலாம்.

இன்னொரு சான்று பணத்தைச் சேர்ந்தது அல்ல. 2021 ஜூன் கடைசியில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் வெப்பம் 46 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த வட்டாரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெட்டவெளியில் சாகவில்லை; குளிரூட்டி இல்லாத வீடுகளுக்குள் தனியாக இருந்த முதியவர்கள் அவர்கள். வீடற்ற படைவீரர்களிலும் வயதானவர்கள் மிகுதி. மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் உடலின் வெப்பச் சீர்மையைக் குலைப்பவை. நன்றாகக் காப்பிடப்பட்ட சுவர், மின்வெட்டு நேரத்திலும் அறையைப் பல மணி நேரம் தாங்கக்கூடிய வெப்பநிலையில் வைத்திருக்கும். இவர்களைப் பொறுத்தவரை அது மருத்துவத் தேவை.

அவசரத்தைச் சுட்டிக்காட்டும் மறுப்புக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆள் இன்று தெருவில் கிடக்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில், 2020இல், கலிபோர்னியா தொடங்கிய ‘ஹோம்கீ’ திட்டம் பழைய மோட்டல்களையும் விடுதிகளையும் வாங்கி வீடாக மாற்றியது. மாநிலத் தணிக்கையாளர் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இவ்வழியில் ஒரு வீட்டுக்கு மாநிலத்தின் செலவு சராசரியாக 1,44,000 டாலர் என்றும், புதிதாகக் கட்டினால் 3,80,000 முதல் 5,70,000 டாலர் வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டது. அப்படியானால் பழையதை வாங்குவதே மேல். ஆனால் கலிபோர்னியாவின் எரிசக்தி விதிகள் கூர்மையாக இருப்பது புதுக் கட்டடங்களுக்குத்தான்: 2020 முதல் மூன்று மாடி வரையிலான புது வீடுகளுக்கும், 2023 முதல் உயரமான அடுக்ககங்களுக்கும் சோலார் பேனல் கட்டாயம். மெல்லிய சுவரும் ஒவ்வொரு சன்னலடியிலும் இரையும் பழைய குளிரூட்டியும் கொண்ட மோட்டலுக்கு அந்தக் கடுமை முழுதாகப் பொருந்தாது. ஆக எங்கே மின்கட்டணம் மிகுமோ அங்கேயே நிபந்தனை தளர்கிறது. ஆளை உடனே குடியேற்றுவதும், சுவர்க் காப்புக்கும் ஹீட் பம்புக்கும் இரண்டாம் தவணை நிதியை அதே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

படைவீரருக்குத் தனி ஒதுக்கீடு நியாயமா என்ற கேள்வியும் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஒரே இரவில் நடத்தப்படும் தேசியக் கணக்கெடுப்பில் வீடற்ற படைவீரர் எண்ணிக்கை 2010இல் 74,000க்கு மேல், 2024இல் 32,882. அதே 2024இல் வீடற்றோர் மொத்த எண்ணிக்கை 7,71,480ஐ எட்டி, அதுவரை காணாத உச்சம் தொட்டது. ஒரு பிரிவினருக்கு வாடகைச் சீட்டும் பணியாளரும் கட்டடமும் சேர்ந்து கிடைத்தன. மற்றவர்களுக்குப் போதுமான அளவில் கிடைக்கவில்லை. இந்த எண்கள் ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, அதே தொகுப்பை மற்றவர்களுக்கும் விரிக்கச் சொல்கின்றன. கலிபோர்னியா 2024 மார்ச்சில் மயிரிழையில் நிறைவேற்றிய முதலாம் முன்மொழிவு, 638 கோடி டாலரில் சுமார் 200 கோடியைக் குடியிருப்புகளுக்கு ஒதுக்கியது. அதில் பாதிக்கு மேல் படைவீரர்களுக்கு. மொத்தத்தில் எஞ்சிய பெரும்பகுதி மனநல, போதைச் சிகிச்சை இடங்களுக்கு.

எரிவாயுவை நீக்கி முழுதும் மின்சாரத்துக்கு மாறினால் மின் விலை மிகுந்த கலிபோர்னியாவில் கட்டணம் ஏறிவிடும் என்ற எச்சரிக்கையில் உண்மை உண்டு. சோலாரும் நல்ல காப்பும் இல்லாமல் அடுப்பையும் வெந்நீர்க் கலத்தையும் மட்டும் மாற்றினால் அப்படித்தான் ஆகும். ஆகவே அளக்க வேண்டியது சான்றிதழை அல்ல, ரசீதை. இன்றைய முறையில் மதிப்பெண் வரைபடத்துக்குக் கிடைக்கிறது. கட்டி முடிந்ததும் காற்றுக்கசிவுச் சோதனையோடும் ஒரு சான்றிதழோடும் மேற்பார்வை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முன்சொன்ன தணிக்கை அறிக்கையே, ஐந்து நிதியாண்டுகளில் வீடின்மைக்குச் செலவான சுமார் 2,400 கோடி டாலரின் விளைவைக் கலிபோர்னியா சீராகப் பின்தொடரவில்லை என்று குறை கூறியது. மானிய ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் மின், எரிவாயு நுகர்வை ஒப்படைக்கும் ஒரு பிரிவைச் சேர்க்க எந்த மாநிலத்துக்கும் புதிதாகப் பணம் தேவையில்லை. 55 ஆண்டுக் கடன் தரும் அரசுக்கு அதைக் கேட்கும் உரிமை முழுதாக உண்டு.