பழைய லைட்ஹவுஸ்: நான் சொன்ன ஒரு தப்பு

இன்னைக்கு எபிசோடு ஒரு பக் ஃபிக்ஸ். பக் என்னோடதுதான்.

மாமல்லபுரம் பத்திப் பேசினப்போ, "இந்தியாவோட முதல் லைட்ஹவுஸைக் கட்டினது பல்லவர்கள்"னு அடிச்சுச் சொன்னேன். அந்தக் கிளிப்பை நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. ஒரு நண்பர் மட்டும், "ஆதாரம் என்ன?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. அதனால போன மாசம் அந்தக் குன்றுல மறுபடி ஏறினேன்.

கீழே மகிஷாசுரமர்த்தினி குகை. எருமைத்தலை அசுரனோட துர்கை போரிடும் அந்தப் புகழ்பெற்ற சிற்பம் அங்கேதான் இருக்கு. அந்தக் குகைக்கு நேர் மேலே, பாறை உச்சியில, ஒரு சின்ன கல் கட்டடம். ஊர்க்காரங்க பழைய லைட்ஹவுஸ்னு சொல்றது இதைத்தான்.

சுத்தி வந்து சுவரைப் பாருங்க. தட்சிணாமூர்த்தி இருக்கார். கயிலாயத்தைத் தூக்கப் பார்க்கும் ராவணன் இருக்கான். விளக்கேத்த மேடை கட்டுறவங்க இவ்வளவு சிவன் கதையைச் செதுக்க மாட்டாங்க. இது சிவன் கோயில். பேர் ஒலக்கண்ணேஸ்வரர். ராஜசிம்மன் காலம், அதாவது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. மேலே இருக்க வேண்டிய விமானம் இப்போ இல்லை. மொட்டையான மேல்தளம் மட்டும்தான்.

அந்த மொட்டைத்தளம்தான் பிரிட்டிஷ்காரங்க கண்ணுல பட்டது. தாழ்வான, மணல் நிறைஞ்ச கரை. அதுல உயரமா இருந்தது இந்தக் குன்று மட்டும்தான். இந்த ஊரை ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு பகோடாக்கள்'னு கூப்பிட்டாங்க. பகல்ல வழி காட்ட இந்தக் கோபுரங்களே போதும். ராத்திரிக்கு வெளிச்சம் வேணுமே? 1887-ல கோயில் கூரை மேல விளக்கு வெச்சாங்க. பக்கத்துலயே புதுசா ஒரு கல் கோபுரம் கட்டி, 1904-ல விளக்கை அங்கே மாத்திட்டாங்க.

கணக்குப் போட்டா வெறும் 17 வருஷம். ஏறக்குறைய 1,300 வயசான கட்டடத்துக்கு அந்த 17 வருஷ வேலைதான் பேராவே நிலைச்சுப் போச்சு. பழைய சர்வர்ல தற்காலிகமா ஓட்டின ஒரு ஸ்கிரிப்டோட பேரையே அந்த சர்வருக்கு வெச்ச மாதிரி.

பல்லவர் காலத்துலயும் அங்கே நெருப்பு மூட்டியிருக்கலாம்தான். ஆனா 'இருக்கலாம்'ங்கிறதை நான் 'இருந்தது'ன்னு சொல்லிட்டேன். நம்ம ஊர்ப் பெருமைன்னு வந்ததும், ஆதாரம் கேக்கவே தோணலை.

இப்போ ரெண்டுமே பார்க்கக் கிடைக்குது. கோயில் தொல்லியல் துறை பாதுகாப்புல, 1984-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. 1904 கோபுரத்துல 2011-ல இருந்து பார்வையாளர்களை ஏற விடுறாங்க. முதல்ல கோபுரத்துல ஏறி, அங்கிருந்து அந்த மொட்டைத்தளத்தைப் பாருங்க. அப்புறம் கோயில்கிட்ட போய்ச் சுவரைப் பாருங்க. யாராவது பக்கத்துல "இதுதான் முதல் லைட்ஹவுஸ்"னு சொன்னா, சண்டை போட வேண்டாம். அந்த ராவணனைக் காட்டுங்க, போதும்.

பழைய கிளிப்பை நான் அழிக்கலை. கீழே திருத்தம் போட்டிருக்கேன். அதை ஷேர் பண்ணவங்க இதையும் பண்ணிடுங்க.