சுண்ணாம்பு தடவாத கலயம்

பிரான்சில் ஷாம்பெயின் வட்டாரத்தில் ருய்னார் குடும்பம் 1729-இல் தொடங்கிய ஒயின் நிறுவனம் இன்றும் பேரோடு இருக்கிறது. ஒயினைப் புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, எழும் வாயுவைத் தடித்த கண்ணாடியும் தக்கையும் கொண்டு அடக்கி, வருஷக்கணக்கில் நிலவறையில் கிடத்துவார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் அப்பாரு இறக்கிய பனங்கள்ளிலும் நுரை கட்டியது அதே வாயுதான். ஆனால் அதைப் பிடித்துவைக்க அவரிடம் மண்கலயம்தான் இருந்தது. காலையில் இறக்கியது வெயில் ஏறுமுன் பொங்கும், மறுநாள் புளித்துக் கடுக்கும், அப்புறம் காடிதான்.

தை மாசிக்குப் பாளை விட்டால் ஆனி வரை வேலை ஓயாது. பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்டவேண்டும். பிறகு தினமும் காலையும் மாலையும் ஏறி மெல்லிசாக ஒரு சீவல். ஆழமாகப் போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வடிவது நின்றுபோகும். காய்ச்சலில் படுத்தாலும் மரம் பொறுக்காது, தம்பியோ மகனோ ஏறியாக வேண்டும். தகப்பனுக்குப் பின் மகன் என்று இது வீட்டுத் தொழிலாகவே நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. அது காற்றில் இருக்கிறது, பாளையில் இருக்கிறது, பழைய கலயத்தின் சுவரில் ஊறியிருக்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் நொதிக்காமல் இனிப்பான பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே அரிவாள்.

இந்தச் சுண்ணாம்புப் பூச்சு இல்லாத கலயத்தில்தான் சர்க்காரின் வருமானம் இருந்தது. 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரி (கலால்) சட்டம் கள்ளை ஒழுங்காகக் காசாக்கியது: மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். லாபம் ஏலமெடுத்தவருக்குப் போயிற்று. விழுந்து இடுப்பொடிந்தது ஏறியவருக்கு.

கள்ளுக்கு எதிர்ப்பும் எங்கள் வட்டாரத்திலிருந்தே கிளம்பியது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார், சேலம் தாதம்பட்டியிலிருந்த தன் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1925-இல் ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து ‘விமோசனம்’ பத்திரிகை வந்தது. கல்கி அதில் துணை நின்றார். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், தான் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த சேலம் ஜில்லாவிலேயே முதலில் பரீட்சை செய்தார். அக்டோபர் 1-ஆம் தேதி கள்ளுக்கடைகள் மூடின. நாமக்கல், திருச்செங்கோடு, கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் அன்று அந்த ஒரே ஜில்லாதான்.

நாளைக்கென்று சேமிக்க முடியாத சரக்கை விற்கும் தொழில், ஒரே நாளில் நிற்கத்தானே செய்யும்? பிரெஞ்சுக்காரரிடம் நிலவறை நிறைய இருப்பு இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்பாரு சுண்ணாம்புச் சட்டியை எடுத்தார், அப்பத்தா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற அடுப்பு மூட்டினாள். கள்ளை விடக் கருப்பட்டிக்கு விறகும் பெண்களின் உழைப்பும் மிக அதிகம், கிடைப்பதோ குறைவு. இருந்தும் அப்பத்தா ராஜாஜியைக் கடைசிவரை ‘நல்ல மனுசன்’ என்றுதான் சொன்னாள். குடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கதவு திறந்தவள் அவள்; அந்தத் தீர்ப்பை என்னால் தள்ள முடியவில்லை.

ஆப்காரி வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டு, 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்ந்தது, பிறகு மூடியது, 1981-இல் மறுபடி திறந்தது. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் தடை வந்தது. 2003-லிருந்து அரசே டாஸ்மாக் கடைகளில் பிராந்தியைச் சில்லறைக்கு விற்கிறது. மரத்திலிருந்து இறக்குவது குற்றம், ஆலையில் வடிப்பது வருமானம் என்ற இந்தக் கணக்கு எனக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை.

2017-இல் முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, அவரும் சேலத்துக்காரர்தான், தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதிப்பதாக அறிவித்தார். ஒரு நிபந்தனை: அது நொதிக்கக் கூடாது. பாளைக்கடியில் ஐஸ் நிரப்பிய பெட்டியைக் கட்டி இறக்குகிறார்கள், நுரை வராமல்.