கழகம் யாருக்கு உரியது?

கொல்கத்தா வாழ் தமிழர் எவரும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெயர்களைக் கேளாதிருத்தல் அரிது. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911 ஜூலை 29-ஆம் நாள் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயம் கொண்டது. அன்று ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலோடு ஆடினர். 1920-இல் எழுந்த ஈஸ்ட் பெங்காலோ, பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்குப் பிற்காலத்தில் பிறந்த ஊரேயாயிற்று. முன்னது வென்றால் இல்லங்களில் இறால். பின்னது வென்றால் உல்லம் மீன்!

நிற்க. செலவு பெருகவே, 1998-இல் இரு கழகங்களும் ஒரே மதுபான நிறுவனத்தாரின் பொருளுதவியை நாடின. 2018 முதல் ஈஸ்ட் பெங்காலுக்குக் குவெஸ், ஸ்ரீ சிமெண்ட், எமாமி என முதலீட்டாளர் மாறினர். 2021-இல் உடன்படிக்கை பற்றிப் பூசல் எழுந்தபோது அன்பர்கள் வீதிக்கு வந்தனர். மோகன் பகான் கால்பந்துப் பிரிவின் 80 விழுக்காட்டுப் பங்கு 2020-இல் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்தின் வசமாயிற்று, கழகப் பெயரின் முன்னே ‘ஏ.டி.கே.’ என்னும் எழுத்துக்கள் அமர்ந்தன. அவற்றை நீக்குமாறு அன்பர்கள் ஓயாது முறையிட்டனர். 2023-இல் கோப்பை வென்ற அன்றே நீக்குவதாக உரிமையாளர் அறிவித்தார்.

பங்குகள் செல்வரிடம் இருக்கலாம். பெயரைக் காப்போர் மக்களே. உறுப்பினர் சந்தாவால் நடைபெறும் நம் சங்கத்தாரும் இதனைச் சிந்தித்தல் நலம்.