சிற்றுயிர்களின் நிர்ப்பீடனம்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதரையும் கால்நடைகளையும் வருத்தும் நோய்களின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அந்நோய்களைச் சுமந்துவரும் உண்ணியும் நுளம்பும் தம்மை எவ்வாறு காத்துக்கொள்கின்றன என்னும் வினாவோ நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் உள்ள அக்குறணை போன்ற ஊர்களில் மாட்டின் மேனியில் உண்ணி காண்பது புதிதன்று. மாட்டுண்ணி பபேசியா என்னும் ஒட்டுண்ணியைப் பரப்பவல்லது. அவ்வொட்டுண்ணி உண்ணியின் உடலைக் கடந்தே மாட்டின் குருதியை அடைய வேண்டும். எனவே உண்ணியின் நிர்ப்பீடனம் மாடு வளர்ப்போருக்கும் உரிய பொருளாகின்றது.

இத்துறையின் தொடக்கம் 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நிகழ்ந்தது. நட்சத்திரமீனின் குடம்பியில் ரோசா முள்ளைச் செலுத்திய மெச்சினிக்கோவ், அலையும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்வதைக் கண்டார். 1908இல் அவரும் எர்லிக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஆயினும் பின்வந்தோரின் கருத்து பெரிதும் பிறபொருளெதிரிகளின் மீதே சென்றது. அவை முள்ளந்தண்டிலிகளிடம் இல்லை; ஆதலால் அவ்வுயிர்களின் காப்பு எளியதென எண்ணப்பட்டது.

1983இல் குதிரைலாட நண்டின் குருதியில், பாலூட்டிகளின் அல்பா-2-மக்ரோகுளோபுலினை ஒத்த புரதமொன்று இனங்காணப்பட்டது. புரதங்களை வெட்டும் நொதியங்களை இது பொறிபோற் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. பின்னர் உண்ணிகளிலும் இதனையொத்த புரதம் காணப்பட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சீ-3 என்னும் புரதம் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டி, அதனை அழிப்பதற்குரியதென அடையாளமிடுகின்றது.

ஒப்பீட்டின் பயன் இங்கேதான் புலனாகின்றது. பழ ஈயில் சீ-3 இல்லை. குதிரைலாட நண்டில் அது 2005இல் அறியப்பட்டது. ஐரோப்பிய உண்ணியொன்றில் இக்குடும்பத்தின் ஒன்பது புரதங்கள் உள்ளன, அவற்றுள் மூன்று சீ-3 வகையின. பழைமையான காப்பொன்றை ஈ இழக்க, உண்ணி பேணிவந்துள்ளது. படிமுறை வளர்ச்சியை ஏறுபடியாக மட்டும் காண்பது பொருந்தாதென்பதற்கு இது சான்றாகும்.

1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. ஆபிரிக்க நுளம்பொன்றில் இக்குடும்பத்தின் டெப்-1 புரதத்தைக் குறைத்தபோது மலேரியா ஒட்டுண்ணிகள் பெருகின என்பதை 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. மருந்தாலும் பூச்சிகொல்லியாலும் கண்காணிப்பாலும் இலங்கை 2016இல் மலேரியாவற்ற நாடென அறிவிக்கப்பட்டது. மனிதன் தொடுத்த அப்போருக்கு நெடுங்காலம் முன்பே, நுளம்பின் உடலினுள்ளும் ஒரு போர் நடந்துவந்தது. நோயின் வரலாற்றை முழுமையாக எழுதுவோர் அதனையும் சேர்த்தே எழுதல் வேண்டும்.